ஒரு கை வைக்கோல்

"ஏனுங்க, பொழுது உளுந்துருச்சு. பாப்பாவுக்குப் பால் வேணுமல்லங்க? பாவம், பசிச்சாக்கூட அழுவ மாட்டேங்குது!"

வீட்டுக்குள்ளிருந்து மருதாத்தாள் குரல் கொடுத்ததும் தொழுவத்தில் கன்றுத் தோலைத் தைத்துக்கொண்டிருந்த கந்தப்பன் திரும்பிப் பார்த்தான். கோணி ஊசி விரலில் ஏறிவிட்டது.

"இதா ஆச்சு புள்ள. நீ தொட்டிலை ஆட்டு!"

ஆச்சாவது மண்ணாவது! முந்தாநாள் கன்றுக்குட்டி செத்ததிலிருந்து செவலைப் பசு ஒரு சொட்டு சுரக்கவில்லை. செத்த கன்றின் தோலை உப்புப் போட்டுக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துப் பக்கத்தில் நிறுத்தினால் போதும், பசு தன் கன்றென்று நக்கிக்கொடுத்துப் பால் விடும். அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் வைக்கோலுக்கு எங்கே போவது? மழை ஏய்த்துவிட்ட எழுபத்து நாலாம் வருஷம் அது. வேலந்தாவளம் சந்தையில் மாடு விற்கிறவர்கள்தான் நின்றார்கள், வைக்கோல் விற்க ஓர் ஆள் இல்லை.

கால்களில் உமியைக் கொட்டித் தைத்துவிட்டான். இருந்த வைக்கோல் தலைக்கும் கழுத்துக்குமே சரியாய்ப் போயிற்று. வயிறு தொளதொளவென்று தொங்கியது. அங்கேயும் உமியைப் போட்டால் வயிற்று நீளத்துக்கும் ஓடும் தையல் வழியே ஒழுகிவிடும்.

இன்றைக்கும் பால் இல்லையென்றால் மருதாத்தாளிடம் என்ன சொல்வது? கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக் காய்ச்சலோடு வந்த நாளாய் அவள் உயிரே அந்தத் தொட்டிலில்தான் இருக்கிறது.

வருவது வரட்டுமென்று கன்றைத் தூக்கி நிறுத்தினான். செவலை மோந்து பார்த்தது. வயிற்றை மூக்கால் முட்டியது. கன்று மடங்கிச் சாய்ந்தது. அவ்வளவுதான், பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மடியில் கை வைத்தவனுக்கு விழுந்தது ஓர் உதை. செம்பு உருண்டோடியது.

"சனியனே, உன்ற கன்னுதான்! நல்லாப் பாரு, உன்ற கன்னுதான்!" கத்தியவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு மருதாத்தாள் வெளியே வந்தாள். சாய்ந்து கிடந்த தோலைப் பார்த்தாள்.

"வைக்கோல் பத்தலீங்களா?"

"நீ ஏன் வந்தே? உள்ள போ. பாப்பா முளிச்சுக்கப் போவுது!"

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் குழந்தையைச் சுற்றியிருந்த துணி மூட்டை.

"மருதா... அதைய ஏன் எடுத்தே? கொண்டு போயித் தொட்டில்ல போடு!"

அவள் துணியைப் பிரித்தாள். அவள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த அன்று, குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து அவனே தைத்துத் தொட்டிலில் போட்ட வைக்கோல் பொம்மை.

"எனக்கு மொத நாளே தெரியுமுங்க. நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் ஆட்டிட்டிருந்தேன்" என்று அதன் தையலை அறுத்து, வைக்கோலை அவன் கையில் வைத்தாள். "இந்தாங்க, செவலையாச்சும் நம்பட்டும்."