யார் பொறுப்பில் இறங்குவது?

நெஞ்சுவலியில் சுருண்டுவிட்ட மூன்றாம் மாடி ரோசலின் டீச்சரைக் கட்டிலோடு மைதானத்துக்குத் தூக்கி வந்தார்கள். தலைக்கு மேலே வட்டமடித்த ஆளில்லா ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர், குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஞானசேகரனின் போனில் கேட்டது: “இறங்கும்போது விபத்து நடந்தால் யார் பொறுப்பு? குடியிருப்பவர் ஒருவர் சொல்லவும்.”

போன வருஷம் அடுத்த தெருவில் அதன் இறக்கை சுவரில் இடித்தபோது, “நான்” என்று சொல்லியிருந்தவர் இன்னமும் கோர்ட்டுக்கு அலைகிறார்.

“நீங்கதானே சார் செக்ரெட்டரி, சொல்லுங்க” என்றாள் கீழ்வீட்டு மும்தாஜ்.

“ஏம்மா, நீங்களும் இங்கதானே குடியிருக்கீங்க?”

ஹெலிகாப்டர் மறுபடியும் கேட்டது. டீச்சர் கை நீட்டிப் போனை வாங்கினார்.

“நான்தான் பொறுப்பு. இறங்குப்பா.”

இறங்கியது. உடனே கட்டிலைத் தூக்க எல்லோரும் முண்டியடித்தார்கள். முதலில் ஓடியவர் ஞானசேகரன்.

“பாத்துத் தூக்குங்க சார்” என்றார் டீச்சர். “கீழ போட்டா அதுக்கும் நான்தான் பொறுப்பு.”