காறை எலும்பு

காறை என்பது முன்னோர் கழுத்தை ஒட்டி அணிந்த வளையம். அது படிந்திருந்த எலும்புக்கும் அப்பெயரே நிலைத்தது. வண்டியிலிருந்து விழுந்த பூங்கோதைக்கு அவ்வெலும்பு முறிந்து மேடாகக் கூடியிருந்தது. மணநாளுக்கு இன்னும் ஒரு மாதம். அவளைப் பார்க்க வந்த வருங்கால மாமியார் செண்பகவல்லி, அம்மேட்டைக் கண்டதும் அறைக்கதவை உட்புறமாகச் சாத்தினார். திருமணம் நின்றுவிடுமோவென்று பூங்கோதை அஞ்சினாள். செண்பகவல்லி தம் அட்டிகையைக் கழற்றினார். அதன் அடியிலும் அதே மேடு இருந்தது.

“நீங்களும் விழுந்தீங்களா அத்தை?”

“உங்க மாமா தள்ளிவிட்டாரு. முப்பது வருசமா இதப் போட்டுத்தான் மறைக்கிறேன். மருமகளுக்குன்னு வச்சிருந்தேன். அவரு கோபம் என் மகனுக்கும் இருக்கும்மா. போட்டுவிடட்டுமா, எடுத்துட்டுப் போகட்டுமா, நீயே சொல்லு.”

பூங்கோதை கையை நீட்டி, அட்டிகையைக் கடந்து, அந்த மேட்டைத் தொட்டாள்.