நாகப்பனோட மூணாவது கோடு

"ரெண்டு ஆயிப்போச்சி ஏட்டய்யா. இன்னும் ஒண்ணுதான் வோணும்."

அட, நாகப்பன்தாங்க இப்பிடி கேக்குறான். லாரி இன்னொரு தபா மோதணுமாம். ஆடிப்பெருக்குக்கு ரெண்டு நாளு மின்ன, போலீசு தாணா வாசல்ல குந்திகினு, கொழம்புக்கு ஒரு கத்திரிக்கா கொறயுதுன்ற மாரி சொல்றான். கவருக்கு கோந்து தடவிகினு இருந்த கோதண்ட ஏட்டு கைய நிறுத்திட்டு, மொதல்ல போயி வாய கழுவுடான்னாரு.

இருங்க, ஆளு கெட்டவன் இல்ல. அது யுத்த காலம். ஆவடில மிலிட்டரி டிப்போ வந்ததுலேர்ந்து, மாட்டு வண்டி மட்டும் போன பூந்தமல்லி ரோட்டுல லாரியா ஓடுது. பருத்திப்பட்டு ஏரிக்கர வளைவுல எதிர்ல வர்றது கண்ணுக்கே தெரியாது, ஆரன் சத்தம் கேட்டு ஒதுங்கினாதான் உண்டு.

நாகப்பன் பொண்ணு குப்பம்மாவுக்கு அந்த சத்தம்தான் கேக்காது. பொறவிலயே செவுடு. டிப்போவுல மண்ணு சொமக்க அந்த வளைவ தாண்டிதான் போவணும். காலைல அப்பங்காரன் கைய புடிச்சி தாண்ட வுட்டுட்டு, வைக்கோல் வண்டிய ஓட்டிகினு சந்தைக்கு பூடுவான். சாயங்காலம் அது தனியாதான் வரும்.

வேலைய வுட்டுடும்மான்னு சைகைல சொல்லி பாத்தான். அது அரிசிப் பானைய கவுத்து காட்டிட்டு கெளம்பிடுச்சி.

அப்பதான் ஏட்டு ஒரு வழி சொன்னாரு. எந்த எடத்துல எத்தினி மோதல்னு மாசாமாசம் தாணாவுலேர்ந்து டிப்போ தொரைக்கு கணக்கு போவுமாம். ஒரே எடத்துல, ஒரே மாசத்துல மூணு இருந்தா லாரிய நிறுத்தி ஜனங்கள தாண்ட வுட செவப்புக் கொடியோட ஒரு ஆள நிக்க வப்பாங்களாம். ரெண்டுன்னா தொரை கையெழுத்து போட்டு கட்டி வச்சிடுவாராம். யாருனா சாவணும்னு இல்ல, வண்டி நொறுங்கினாலும் கணக்குதான்னு ஏட்டு வாய் தவறி வேற சொல்லிட்டாரு.

நாகப்பனுக்கு எழுத்து தெரியாது. ஊட்டு செவுத்துல கரிக்கோடு போட ஆரம்பிச்சான். வைகாசில ரெண்டு கோடு, ஆனில ஒண்ணு. மாசம் பொறந்தா பொண்டாட்டி வேம்புலியம்மா சாணி போட்டு மெழுவிடும், மறுபடியும் மொதல்லேர்ந்து வரணும்.

ஆடி அஞ்சாம் நாளு பக்கத்தூட்டு தங்கவேலு கட்டவண்டிய லாரி இடிச்சி அச்சு முறிஞ்சிது. பதினாலாம் நாளு, புல்லுக்கட்டோட வந்த கெழவி ஒருத்திக்கு லாரி ஏறி காலு பூட்ச்சி. ரெண்டு கோடு. பதினாறாம் நாளுதான் நம்மாளு தாணாவுல வந்து அப்பிடி கேட்டது.

அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்கல. லாரிக்காரனுங்க திடீர்னு புத்தரு ஆயிட்ட மாரி ஓட்றானுங்க. தங்கவேலு கூட கிண்டல் பண்ணான், இன்னா நைனா, எமனுக்கே ஆள் அனுப்புவ போலன்னு.

இருவத்தெட்டாம் நாளு குப்பம்மா சீல தலப்ப லாரி கொக்கி கிழிச்சிகினு போச்சி. அது ஊட்டுக்கு வந்து சிரிச்சிகினே கிழிசல காட்டுது. அன்னிக்கு நாகப்பனுக்கு சோறு எறங்கல.

ஆடி கடைசி நாளு, மத்தியானம். நாகப்பன் மூச்சு வாங்க தாணாவுக்கு ஓடியாந்தான். வளைவுல அவன் வண்டிய லாரி அடிச்சி தூக்கிடுச்சாம்.

ஏட்டு சைக்கிள மிதிச்சிகினு போயி பாத்தாரு. ரோடெல்லாம் மரத்துண்டு, ஒரு சக்கரம் ஏரித் தண்ணில கெடக்கு. லாரிக்கு மூஞ்சி நசுங்கிகீது, ஓட்னவனுக்கு ஒண்ணும் இல்ல. நாகப்பனோட மாடு ரெண்டும் நூறடி தள்ளி பொளியமரத்துல கட்டினபடி நின்னுகினு, நிதானமா வைக்கோல் மென்னுதுங்க. ஒடம்புல ஒரு கீறல் கெடையாது.

"ஏண்டா, லாரி வர்றத பாத்துட்டு மாடுங்களே அவுத்துகினு போயி கட்டிக்கிச்சா?"

நாகப்பன் குனிஞ்சி ரோட்டுல கெடந்த மரத்துண்ட பொறுக்க ஆரம்பிச்சான். ஏட்டுக்கு புரிஞ்சி பூட்ச்சி. தாணாவுக்கு வந்து, நோட்ட பிரிச்சி, விபத்துன்னே எழுதினாரு.

அத பாத்ததும்தான் நாகப்பன் மூஞ்சில ஒரு சிரிப்பு. ஆடில மூணும் ஆயிப்போச்சி ஏட்டய்யா, நாளிக்கு ஆவணி பொறக்குது, நாளிக்கே கொடிக்காரன் வந்துடுவானான்னு கேட்டான்.

"ஆடியா?"

ஏட்டு பேனாவ மூடிட்டாரு.

"நாகப்பா, தொரைக்கு ஏதுப்பா ஆடி? அவங்க மாசம் வேற. மொத ரெண்டும் ஜூலைல பூட்ச்சி. நீ வந்து குந்திகினு இருந்தியே, அன்னிக்கு நான் ஒட்டினது ஜூலை கணக்கு கவருதான். இன்னிக்கு ஆகஸ்டு பதினாறு. இந்த மாசத்துக்கு உன்னுதுதான் மொதலு."

தேதிய மாத்தி எழுதிடலாம்னா, லாரிக்காரன் இந்நேரம் டிப்போவுல எழுதி குடுத்திருப்பான். இனிமே வண்டியும் இல்ல. நாளிலேர்ந்து ஊட்டுல அடுப்பு எரியணும்னா குப்பம்மா கூலி ஒண்ணுதான்.

நாகப்பன் அழுவல. வெரல மடக்கி மடக்கி எண்ணினான், எண்ணினத வுட்டுட்டு மறுபடி எண்ணினான். அப்புறம் ரொம்ப மரியாதியா கேட்டான்.

"அவங்க மாசம் முடிய இன்னும் எத்தினி நாளு கீது ஏட்டய்யா?"

நீங்க ஏட்டு நாக்காலில குந்திகினு இருந்தா, அவனுக்கு இன்னா சொல்லுவீங்க?