பஞ்சப்பாட்டுச் சட்டை

மனைவியோடு கண் டாக்டரின் அறைக்குள் கால் வைக்கும்போதே பெயின்ட் கடைக்காரர் தன் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

வியாபாரம் படுத்துவிட்டது, சரக்கு வாங்கினவன் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை, டாக்டரம்மாதான் ஃபீஸைப் பார்த்துப் போட வேண்டும். மூச்சு விடும் இடம்கூட மாறாத பஞ்சப்பாட்டு.

கடைத்தெருவில் இதை நம்புகிறவர்கள் யாரும் இல்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே எதிர்க்கடைக்காரர் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார்.

அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. இருக்கு என்று சொன்னால் சொந்தபந்தம் மொத்தமும் வாசலில் நிற்கும். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்பது அவர் கட்சி.

பாட்டுக்கென்று ஒரு சட்டையும் வைத்திருந்தார். நன்கொடை கேட்க ஆள் வந்தால் அதை மாட்டிக்கொள்வார். இன்றும் அதுதான். காலர் நைந்து போய், மனைவி கையால் தைத்துக் கொடுத்தது.

கொஞ்ச நாளாகவே அவள் தையல் கோணல்மாணலாக ஓடியது. முடிச்சுகள் துருத்திக்கொண்டு நின்றன. அவருக்கு அதில் ஏகத் திருப்தி. இல்லாத வீட்டுத் தையல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளை மெச்சிக்கூட இருந்தார்.

நேற்று அவள் டம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றினாள். அதைப் பார்த்த பிறகுதான் இங்கே கூட்டி வந்தார்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணில் பார்வை போய்விட்டது, இனித் திரும்பாது என்றார். இடது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாம். இத்தனை நாள் எப்படியம்மா சும்மா இருந்தாய் என்று அதட்டினார்.

"மங்கலாத்தான் இருந்துச்சு. அவரே கையில ஒண்ணுமில்லாம அல்லாடறாரு. நான் வேற கண்ணு காதுன்னு போய் நிக்கறதா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. குறைகூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

ஊரே நம்பாத பாட்டை இவள் ஒருத்தி நம்பியிருக்கிறாள். அது வெளியாருக்குப் பாடுவது என்று வீட்டில் சொல்ல அவருக்குத் தோன்றியதே இல்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்.

கை தானாகக் காலருக்குப் போயிற்று. விரல் அந்தக் கோணல் தையலைத் தடவியது.

"பணம் இருக்கு டாக்டரம்மா. எவ்வளவானாலும் இருக்கு. அந்தக் கண்ணைக் காப்பாத்திடுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அப்படிச் சொன்னார்.

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார்.

மனைவி, அவர் குரல் வந்த பக்கம் துழாவி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல் மெல்லச் சொன்னாள்.

"பாசத்துல சொல்றாரு. அவருகிட்ட ஏதுங்க? இந்தக் கண்ணு தெரியற வரைக்கும் தெரியட்டும், விட்டுடுங்க."