கரிச்சானின் முதல் ஆல்பம்

"அக்கா, நீங்க உள்ளதான் கீறீங்கன்னு தெரியும். கதவைத் தொறங்க. 'கரிச்சான்' நீங்கதானே?"

எழிலரசி வாசிப்பதை நிறுத்தினாள். கையிலிருந்த கிடாரைச் சத்தம் வராமல் சோபாவில் வைத்துவிட்டு, படுக்கையறைக்குள் ஓடிக் கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஸ்ரீ, யாரோ ஒருத்தன் கதவைத் தட்டுறான். கரிச்சான்னு கூப்பிடுறான்!"

அம்பத்தூர் ஆபீஸில் இருந்த ஸ்ரீநாத் பதறிவிட்டான். "தொறக்காதே! உங்க அண்ணன் அனுப்பின ஆளா இருக்கும். நான் இப்பவே கிளம்பி வர்றேன்."

பயப்படாமல் என்ன செய்வது? சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு, ஊரைவிட்டு ஓடிவந்து, ஆவடி பருத்திப்பட்டில் ஒளிந்து வாழ்கிறார்கள் இருவரும். "எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சு வெட்டுவேன்" என்று கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவன் அவள் அண்ணன். வெறும் வாய்ச்சவடால் இல்லை, செய்யக்கூடியவன்.

சும்மா கிடந்திருக்கலாம். பாட்டு அவளை விட்டால்தானே! கிடார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாவற்றையும் தானே வாசித்து, தானே எழுதிப் பாடி, இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு ராக் ஆல்பத்தைப் பதிவு செய்து போன மாதம் இணையத்தில் ஏற்றிவிட்டாள். அவள் பெயர் இல்லை, படம் இல்லை. 'கரிச்சான்' என்ற புனைபெயர் மட்டும்தான். பிறகு எப்படிக் கண்டுபிடித்தான் இவன்?

கதவருகே வந்து, "அப்படி யாரும் இங்க இல்லப்பா. நீ யாரு?" என்றாள்.

"சும்மா சொல்லாதீங்கக்கா. எம்பேரு சரண், எலக்ட்ரீஷியன். நாலாவது பாட்டு முடியசொல்லோ பின்னாடி ஒரு கொரலு வருது பாருங்க, 'தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்...'னு? பாதியிலயே நின்னுபூடும். அந்த அலாரத்த இந்த பில்டிங்ல மாட்டுனதே நான்தான். ரிப்பேரு. வேற எங்கயும் அப்டிக் கத்தாது. எந்த ஊட்ல பாட்டு சத்தம் கேக்குதுன்னு வாட்ச்மேனாண்ட கேட்டேன், இத்தக் காமிச்சாரு."

அட கடவுளே! பதிவில் தற்செயலாகப் புகுந்த அந்தக் குரலை, கேட்க நன்றாயிருக்கிறதே என்று அவள்தான் நீக்காமல் விட்டிருந்தாள். தன் கையாலேயே விலாசம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"உண்மையைச் சொல்லு. உன்னை யாரு அனுப்பினாங்க?"

"என்னை யாருக்கா அனுப்பணும்? உங்க பாட்டக் கேக்காம நான் ஒயரையே தொடறதில்ல. நானும் டிரம்ஸ் கத்துக்கினு கீறேன். ரெண்டாவது பாட்டு நடுவுல எல்லாத்தையும் கம்முனு நிறுத்திட்டு, மூச்சு சத்தம் மட்டும் வரும் பாருங்க... இன்னாமா யோசிச்சிகீறீங்க! அந்த எடத்துல எனக்கு அழுகையே வந்துருச்சு."

எழிலரசி கதவில் காதை வைத்தாள். அந்த ஓர் இடத்துக்காக எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்! ஸ்ரீநாத்துக்குக்கூட அது பிடிபடவில்லை. அரிவாளோடு வருகிறவனுக்கா அந்த மூச்சு கேட்கப்போகிறது?

சங்கிலியைக் கழற்றாமல் கதவை லேசாகத் திறந்து பார்த்தாள். தோளில் டூல்ஸ் பையோடு, ஒல்லியாக, வாயெல்லாம் பல்லாக நின்றான் ஒருவன். பனியனின் நெஞ்சில் அவனே பெயிண்டால் எழுதிய கோணல் எழுத்துகள்: கரிச்சான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேரில் பார்க்கும் முதல் ரசிகன்! சங்கிலியைக் கழற்றிக் கதவை விரியத் திறந்தாள்.

"உயிரே போயிடுச்சுப்பா எனக்கு! உள்ள வா, தண்ணி குடி. ஆனா நான் இங்க இருக்கிறதை யார்கிட்டயும் சொல்லிடக் கூடாது, என்ன?"

சரண் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அய்ய, நேத்தே உங்க பாட்டோட இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டேனேக்கா, கரிச்சான் நம்ம ஏரியாதான்னு! அத்தப் பாத்துட்டு ஒருத்தரு ஒடனே போன் பண்ணாரு. கொரல வச்சே உங்களக் கண்டுபுடிச்சிட்டாரு. உங்களுக்கு மொத கிடாரு வாங்கிக் குடுத்ததே அவருதானாமே! சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லாம கொள்ளாம இட்டாந்துட்டேன். கீழ காரை நிறுத்திட்டு வந்துகினே கீறாரு, உங்க அண்ணன்!"