தீயை வெட்டிய பிரதி

கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன் நான். நாற்பது எபிசோடு குங்ஃபூ சீரியல் ஒன்றை இரண்டு மணி நேரப் படமாக வெட்டினேன். அதற்குத் திறமையே தேவையில்லை. ஒரு உதை விடுவதற்குள் வில்லன் முக்கால் எபிசோடு பேசுகிறான். அவன் வாயை மூடியதிலேயே பாதி குறைந்துவிட்டது.

எம். புதுப்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் தவுபிக், படத்தை பென்டிரைவில் போட்டு வீடுகளுக்கு விற்கிறார். "தீப்பிடிக்கிற சீனை வெட்டிருங்கண்ணே. பட்டாசு வேலைக்குப் போறவுக வீட்ல ஓடுற படம்" என்றார்.

பத்தொன்பதாம் எபிசோடில் பயிற்சிக்கூடம் எரிந்து பதினோரு சீடர்கள் சாகிறார்கள். அதை முழுதாக வெட்டினேன். பிறகு அவர்களை ஏன் காணோம் என்று கேட்குமளவுக்கு இந்தக் குப்பையை யார் பார்க்கப்போகிறார்கள்?

முடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். கடைசிச் சண்டையில் பதினோரு பேரும் வரிசையில் நின்றார்கள். சீரியலில் அந்த இடம் காலி. கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு அப்படியே அனுப்பினேன்.

நேற்று மத்தியானம் மாரிசெல்வி என்றொரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தார். புருஷன் போன சீசனில் பட்டாசுக் கம்பெனித் தீயில் செத்தவராம். செல்போனை நீட்டினார். ரோட்டில் நின்று யாரோ எடுத்த வீடியோ. ஷெட் எரிகிறது.

"சீரியல்ல செத்த பயலுக எல்லாம் நீங்க தீயை வெட்டினதும் வந்துட்டானுகள்ல. இதுலயும் தீயை மட்டும் வெட்டிருங்கண்ணாச்சி."

நான் செல்போனைக் கையில் வாங்கினேன்.

"எம்புட்டு நேரம் ஆகும்? அவுகளுக்கும் சேத்து உலை வைக்கணும்."