மயில் கழுத்து நிறம்

"நான் திறக்கலன்னு சொல்லுதேன்லா..."

"அப்போ மூடி தானா எந்திரிச்சு நடந்துச்சாக்கும்?"

"நெல்லையப்பர் மேல சத்தியமா..."

"சாமிய இழுக்காதீங்க! ஜாடியப் பாருங்க!"

ஜாடியைத்தான் மந்திரமூர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கச் செம்பு நிறம் வந்திருக்க வேண்டும். கழுத்தில் பச்சையும் நீலமுமாக ஏதோ வழிந்திருந்தது.

கணவனும் மனைவியும் புதுச்சேரியில் கற்றுவந்த ஜப்பான் முறை அது. செம்புப் பூச்சுப் பூசிய ஜாடியைத் தணலாய்ச் சிவக்கச் சுட்டு, இடுக்கியால் எடுத்து, பத்தமடைக் கோரைக் கழிவு நிரப்பிய தகர டிரம்மில் இறக்கி மூடிவிட வேண்டும். இடையில் திறந்து காற்றுப் பட்டால் போச்சு. 'ஆறும்வரை மூடியைத் தொடக்கூடாது' என்று சுவரில் கரியால் எழுதிவைத்ததே பிரம்மநாயகிதான்.

"நேத்து நான் டீக்கடையில்லா இருந்தேன்."

"டீ குடிக்க எம்புட்டு நேரமாகும்? தாலி கட்டுததுக்கு முந்தியே பந்தியில உக்காந்த ஆளுதான நீங்க?" வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, இடது கையை நீட்டி நீட்டிப் பேசினாள். "பாய் வந்து இதப் பாத்தா ஆர்டரு அம்புட்டுத்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, பேட்டைப் பட்டறை வாசலில் ஸ்கூட்டர் நின்றது. குற்றாலத்தில் புது ஓட்டல் கட்டும் காஜா முகைதீன் உள்ளே வந்து, ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"யா அல்லா, மயில் கழுத்து! எப்படி வே வந்துச்சு?"

"நடுவுல... மூடியத் திறந்துட்டு மறுபடி மூடினதுல, பாய்" என்று இழுத்தார் மந்திரமூர்த்தி.

"கெட்டிக்கார வேலை! யாரு திறந்தது?"

பிரம்மநாயகியின் வாய் திறந்தது. சுவரில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

"நாந்தான்" என்றார் மந்திரமூர்த்தி. சற்றுமுன் செய்த சத்தியம் கூரை வழியே புகையோடு போயிற்று.

"அப்போ எங் கண்ணு முன்னால இதே நிறத்துல இன்னொண்ணு எடும். வந்துட்டா ஓட்டல் முழுக்க உம்ம ஜாடிதான். வரலையா, எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி மதுரைக்காரனக் கூப்பிட்டுருவேன்."

சூளையில் அடுத்த ஜாடி பழுத்திருந்தது. இடுக்கியில் வந்தது, டிரம்மில் இறங்கியது. கோரை குப்பென்று பற்றியதும் மூடி விழுந்தது.

"ஒண்ணு... ரெண்டு..." பாய் உற்சாகமாக எண்ணத் தொடங்கினார்.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியருகே குனிந்த மந்திரமூர்த்தி, பைய மனைவியின் காதோரம் சாய்ந்தார்.

"ஏளா, முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கியே, அந்த விரலு நேத்து எத்தன எண்ணும்போது பொசுங்குச்சு? சீக்கிரம் சொல்லு!"